சிரிப்புக்கு விட்ட இடைவெளி

படம் பேசத் தொடங்கிய புதிது. ஜனங்களின் சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிவிடுமென்று, சிரிப்பு நடிகர்கள் விழுந்து எழுந்ததும் சற்றுப் பேசாமல் காத்திருப்பார்கள்.

ஒரு சிரிப்பு நடிகர் ஜோடியில் ஒருவனான கஸ் செத்த மறுவாரம், கிளெண்டேல் ஊர்க் கொட்டகையில் அந்த ஜோடியின் கடைசிப் படத்தை வெள்ளோட்டம் விட்டார்கள். ஜோடியில் மிஞ்சிய ஒல்லி வெண்டெல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். திரையில் குண்டு கஸ் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து எழுந்து, கூட்டத்தைப் பார்த்துக் காத்து நின்றான். செத்தவனைப் பார்த்து யாருக்குச் சிரிப்பு வரும்? அவன் அடுத்த வசனத்தைப் பேசவேயில்லை.

ஆப்பரேட்டர் வெண்டெலிடம் ஓடிவந்தார். “சார், சுருள் எப்பவோ தீந்துபோச்சு. மெஷினையும் நிறுத்திட்டேன்.”

“யாராவது சிரிச்சுத் தொலைங்களேன்! நீங்க சிரிக்காம அந்தத் தடியன் நகர மாட்டான்!” என்று வெண்டெல் கத்தினான்.

கூட்டம் எழுந்து போய்விட்டது. வெண்டெல் சிரிக்கப் பார்த்தான், அழுகைதான் வந்தது.

சுண்ணாம்பு சொட்டச் சொட்ட, கஸ் இப்போது அவனை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றான்.