பேய் கேட்ட காரணம்

செங்கல் சூளையில் வேலை செய்யும் வெள்ளத்தாயிக்கு வெள்ளைச் சேலை கட்டி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, பாழுங்கிணற்றின் ஓரத்தில் நிறுத்தினார்கள். படம் எடுக்க வந்தவர்கள் அவளைச் சுற்றிப் புகையைக் கிளப்பினார்கள்.

“நான் எப்படித் தம்பி செத்தேன்?” என்று டைரக்டரைக் கேட்டாள்.

“அதெல்லாம் கதையில இல்லக்கா. நீங்க சும்மா நில்லுங்க. பாக்குறவனுக்குக் குலை நடுங்கணும், அவ்வளவுதான்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எந்தங்கச்சிய இதே கெணத்துலருந்து தூக்குன பெறகு, ஊரே பேய்க்கத சொல்லுச்சு. மல்லியப்பூ வாசம் வருதாம், கொலுசுச் சத்தம் கேக்குதாம். தள்ளுனவன் யாருன்னு ஒரு பய கேக்கல. செத்த காரணத்தச் சொல்லுய்யா, நிக்கிறேன்.”

புகை போடுகிறவன் மிஷினை நிறுத்தினான். புகை மெல்லக் கலைந்தது. டைரக்டரின் பக்கத்து நாற்காலியில் இருந்த, கிணற்றுக்குச் சொந்தக்காரர் எழுந்து, குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.