பின்பக்கம் எரிந்த விளக்கு

"கண்ணை எங்க வெச்சிருந்த? விளக்கைப் பின்பக்கம் மாட்டியிருக்க!"

டாரில் அந்தத் தகரப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆத்திரம் தலைக்கேறியது.

நோலீன் கிட்டாருக்கு ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

அது காலால் மிதிக்கும் சுவிட்ச் பெட்டி. ஒரு மிதியில் கிட்டார் ஒலி சாந்தமான ஸ்பீக்கருக்குப் போகும், மறு மிதியில் உறுமுகிற ஸ்பீக்கருக்கு. வாசிக்கிறவள் குனிந்து பார்க்கிற பக்கத்தில் விளக்கு வைத்தால் நியாயம். இவள் சிவப்பு, பச்சை இரண்டையும் மறுபக்கம் பதித்திருந்தாள்.

போன ஞாயிறு இதே வாலங்காங் பவுலிங் கிளப் மேடையில் மானம் போயிற்று. கடைசிப் பாட்டில் நோலீன் மெல்ல வாசித்துக்கொண்டே போவாள். கூட்டம் சூடேறியதும், தனக்குத் தோன்றும்போது சுவிட்சை மிதிப்பாள். கிட்டார் உறுமும். அந்தக் கணமே டிரம்ஸ் இடிக்க வேண்டும். இத்தனையாவது தாளத்தில் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

போன வாரம் டிரம்ஸ் வாசிக்கிற மெர்வ் இடிக்கவே இல்லை. பாட வாயைத் திறந்த டாரில் அப்படியே நின்றான். கூட்டம் சிரித்தது.

"மெர்வ் மேல தப்பில்ல. எந்த ஸ்பீக்கர்ல இருக்கேன்னு தெரியாம நான்தான் முன்னாடியே மிதிச்சுட்டேன். விளக்கு வெச்சா சரியாயிடும்" என்று அன்றைக்கு நோலீன்தான் பழியை ஏற்றாள்.

விளக்கு வைத்த லட்சணம் இது!

"ஏண்டா மெர்வ், நீயே சொல்லு, இது நியாயமா?"

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மெர்வ் சிரித்தான். என்ன கேட்டாலும் இப்போதெல்லாம் அவனுக்குச் சிரிப்புதான்.

நோலீன் பெட்டிக்குள் பேட்டரி ஒன்றை மாட்டினாள்.

"பேட்டரியே வேணாத பெட்டிக்கு இது வேறயா? நடுவுல தீர்ந்துட்டா?"

"விளக்குதான் அணையும். கிட்டார் சத்தம் நிக்காது."

"அப்புறம் எதுக்குத் தண்டத்துக்கு? இதோ பாரு, இன்னொரு தடவை சொதப்பினா வேற ஆளைப் போட்டுடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார். இன்னிக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, நீ வேணாம். தேறாத ஆளைச் சுமக்க நான் தர்ம சத்திரம் நடத்தல."

"சரி" என்றாள் நோலீன்.

இறைச்சியைப் பரிசாகத் தரும் கிளப்பின் சீட்டுக் குலுக்கல் முடிந்தது. ஜெயித்தவர் சாசேஜ் தட்டோடு இருக்கைக்குப் போனதும் மேடை இவர்களுடையது.

கடைசிப் பாட்டு வந்தது. மேனேஜர் பாரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நோலீன் மெல்ல வாசித்து இழுத்துக்கொண்டே போனாள். டாரில் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

மிதித்தாள்.

கிட்டார் உறும, அதே நொடியில் டிரம்ஸ் இடித்தது! கூட்டம் எழுந்துவிட்டது. மேனேஜர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

கூட்டம் கலைந்ததும் டாரில் நோலீனிடம் வந்தான்.

"பொழச்ச, போ. ஆனா நீ ஒரு தடவைகூட அந்த விளக்கைப் பாக்கலியே?"

"எனக்கெதுக்கு? என் கால் என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாதா?"

இவளுக்குக் கொழுப்புதான். டாரில் அலுப்போடு பின்னால் போய் மெர்வ் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

பச்சை விளக்கு நேராக அவன் கண்ணைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

அவனுக்குச் சுருக்கென்றது. மெர்வ் ஓரடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு ஜால்ராத் தட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"மெர்வ்!"

பதில் இல்லை.

"டேய் மெர்வ்!"

பாரில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். மெர்வ் திரும்பவில்லை.

நோலீன் ஓடிவந்து டாரிலின் கையைப் பிடித்தாள்.

"கத்தாத. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கான்."

"அப்ப போன வாரம்..."

"நான் சரியாத்தான் மிதிச்சேன்."

தர்ம சத்திரம் என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது டாரிலுக்கு.

"நோலீன், அடுத்த வாரம் பேட்டரி நான் வாங்கிட்டு வரேன்" என்றான். "பாட்டு நடுவுல அணைஞ்சிடக் கூடாதுல்ல?"