சரிகைக் கட்டு

பொழுது சாய்கிறது, தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்குகிறது. மெக்கானிக் டேனியல் காரின் பானெட்டைத் திறந்து, ஹெட்லைட்டுக்கு ரிலேவும் தடித்த புது ஒயரும் போட்டுக்கொண்டிருக்கிறான். காரின் சொந்தக்காரர், நெசவாளர் வீரபாகுவுக்கு நிலைகொள்ளவில்லை. டயரை உதைக்கிறார், வானத்தைப் பார்க்கிறார். நேற்று தாமல் ஏரிக்கரையில் விளக்கணைந்து கார் பள்ளத்தில் இறங்கியபோது ஓட்டியவள் அவர் மகள் துர்காதேவி. வீடு வந்தும் அவளை அவர் திட்டுவது ஓயவில்லை. டேனியல் பழைய ஒயரை உருவுகிறான். ஒட்டுப்போட்ட இடத்தில் கருகிய சரிகை சுற்றியிருக்கிறது. "இன்னாண்ணா இது? சரிகையில கட்டிக்கீறாங்க! அதுலயும் கரண்டு பாயுமே. பாடியில உரசி ஷார்ட் ஆயிருக்குது." துர்காதேவி குனிந்து பார்க்கிறாள். தறியில் அறுந்த பாவு இழையை அப்பா முடிகிற அதே முடிச்சு. காரில் ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போடுகிறாள். முன்னால் நிற்கும் வீரபாகுவின் மேல் மொத்த வெளிச்சமும் விழுகிறது. "நல்லா எரியுதாப்பா?" என்று கேட்கிறாள்.