நாற்காலியைத் திருப்பினான்

பட்டென்று மேசையில் ஓர் அறை விழுந்தது.

டீ கிளாஸ் துள்ளிக் கவிழ்ந்தது.

அறைந்தவள் செண்பகவல்லி. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். வலது கை மட்டும் அவள் சொன்னபடி கேட்கும்.

எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை நிறுத்தினான். சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையத்தில் அவனுக்கு இதுதான் முதல் வழக்கு.

"கை இழுக்கும் தம்பி. அவளா செய்யல," என்றார் அவளுடைய அண்ணன். "நீங்க எழுதுங்க. அப்பா புத்தியில்லாம வீட்ட இவ பேர்ல எழுதிட்டாரு. இவளுக்கு விவரம் பத்தாது. நாந்தான் கார்டியன்னு ஒரு ஆர்டர் வாங்கிக் குடுத்தா, வீட்ட வித்துட்டு இவள ஒரு ஹோம்ல சேத்துருவேன். இங்க இலவசம்னு இவதான் பேப்பர்ல பாத்துக் காமிச்சா."

அவன் தாளைப் பார்த்தான்.

அவங்களுக்கு வயசு என்ன? அவங்க படிச்சாங்களா? அவங்களுக்குப் புரியுமா?

எல்லாம் அண்ணனிடம் கேட்டது.

'அவங்க' எதிரேயே உட்கார்ந்திருந்தாள்.

மூலையிலிருந்த அவனுடைய பேராசிரியை மேடம், டீயைத் துடைக்க ஒரு துணியை நீட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வருஷம் முழுக்க அவர் தலைப்பாடாகச் சொன்னது ஒன்றுதான். வந்தவரிடம் கேள், கூட வந்தவரிடம் கேட்காதே.

பரீட்சையில் அதை அழகாக எழுதியவன் அவன்.

சுருக்கென்றது.

எழுந்தான். நாற்காலியைத் தூக்கி, அண்ணனுக்கு முதுகு காட்டிப் போட்டான்.

"அக்கா, நீங்க சொல்லுங்க."

அண்ணன் சிரித்தார். "அவ பேசி முடிக்க நாளைக்குப் பொழுது விடிஞ்சிரும்."

"விடியட்டும் அண்ணாச்சி. நீங்க வெளிய இருங்க."

சிரிப்பு நின்றது. அண்ணன் மேடத்தைப் பார்த்தார்.

மேடம் கதவைத் திறந்து பிடித்தார்.

செண்பகவல்லியின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் கோணியது. ஏதோ ஒரு சொல் வந்தது.

"விளங்கலக்கா. இன்னொரு தடவ."

மறுபடியும் சொன்னாள்.

எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினான். காதை அருகே கொண்டுபோனான்.

மறுபடியும் சொன்னாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. அவள் விடவில்லை. அவனும் விடவில்லை.

ஒவ்வொரு சொல்லாக வந்து சேர்ந்தது.

"அவன் என்னயக் கூட்டியாரல. நாந்தான் அவனக் கூட்டியாந்தேன். கேஸு அவன் மேல."