பிசின் ஒட்டாத கயிறு

அன்று காற்று வீசியதா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் மரம் ஆடுகிறது. பிற்பாடு நான்தான் அதை ஆட வைத்தேனோ என்னவோ.

அரம் எடுக்க வண்டிக் கதவைத் திறந்தேன். இது மட்டும் நிச்சயம்.

கயிற்றுப் பை நிறைந்திருந்தது.

நிறைந்திருக்கக் கூடாது. அந்தப் பையில் இருக்கும் கயிற்றில்தான் மாப்பிள்ளை, என் தங்கையின் கணவன், நாற்பது அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். நான் அங்கே செருகி வைத்திருந்தது இல்லை.

மரம் ஏற எங்களிடம் இரண்டு கயிறுகள் இருந்தன. ஒரே நாளில் வாங்கியவை, ஒரே நிறம். மூன்று வாரத்துக்கு முன் வண்டியின் பழைய பேட்டரி கசிந்து ஒன்றின்மேல் ஆசிட் பட்டுவிட்டது. கழுவினால் கறை போய்விடும். உள்ளே நார் எவ்வளவு செத்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. இந்தத் தொழிலில், சந்தேகம் வந்த கயிற்றை அன்றைக்கே முழம் முழமாக வெட்டிவிட வேண்டும். மூலையில் போட்டு வைக்கக் கூடாது. மூலையில் கிடக்கும் கயிறு என்றைக்காவது யாருடைய இடுப்புக்காவது வந்துவிடும்.

"வெட்டிட்டீங்களா மச்சான்?" என்று ஆசிட் பட்ட அன்று மாலை மாப்பிள்ளை கேட்டான்.

வெட்டிவிட்டேன் என்றேன்.

வெட்டவில்லை. கழுவிக் காயவைத்து இருக்கைக்குப் பின்னால் செருகினேன். கிளைகளைக் கட்டி இறக்கவாவது ஆகும் என்ற நினைப்பு. புது பேட்டரி, கிளை அரைக்கும் இயந்திரத்துக்கு பிளேடு, இன்சூரன்ஸ் தவணை எல்லாம் அந்த மாதம் சேர்ந்து வந்து கழுத்தை நெரித்தன. முப்பது மீட்டர் கயிற்றைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

ஒன்றை வெட்டியாகிவிட்டது என்றால் வண்டியில் மிச்சம் இருப்பது நல்ல கயிறு. அப்படித்தான் அவன் நினைத்திருப்பான். காலையில் பைக்கு மேல் பெட்ரோல் கேனும் ரம்பங்களும் ஏறியிருந்தன. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டான்.

நிமிர்ந்து பார்த்தேன். பைன் மரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். உடம்பின் எடை முழுவதையும் கயிற்றில் போட்டு, வீட்டு நாற்காலியில் சாய்வதுபோல் சாய்ந்திருந்தான்.

வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்று பேரம் பேசினார். ஓய்வுபெற்ற வாத்தியார். அரைநாள் வேலைக்கு இவ்வளவு கூலியா, விறகையும் நீங்களே கொண்டுபோகிறீர்களே என்றார். ரம்பம் ஓடும் நேரம்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சங்கிலி தீட்டுவது, எண்ணெய், டயர், தழையைக் கொட்டும் இடத்தில் கட்டுகிற காசு, மழையில் போகிற நாட்கள் என்று வழக்கமாகப் பொறுமையாகச் சொல்லுவேன். அன்று ஆமாம் சார், ஆமாம் சார் என்றேன். அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வாரைப் போட்டு மரத்தோடு கட்டிக்கொள், நல்ல கயிற்றை மேலே அனுப்புகிறேன் என்று கத்த வேண்டும்.

ஏன் என்று கேட்பான்.

வாத்தியார் முன்னால் சொன்னால் வேலை கைவிட்டுப் போகும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். வாத்தியார் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"மாப்ள, எறங்கி வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

"இப்பதான ஏறினேன்? டீ எனக்கா, உங்களுக்கா மச்சான்?"

வாத்தியார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்கு மேல் நான் கூப்பிடவில்லை.

மதியம் வரை அவன் அந்தக் கயிற்றில் இருந்தான். தங்கை காலையில் கட்டிக் கொடுத்த இரண்டு சாப்பாட்டு டப்பாக்கள் வண்டியின் முன்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கயிறு விறைக்கும்போதெல்லாம் மரத்தைப் பார்த்தேன். தளரும்போது டப்பாக்களைப் பார்த்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்தான். கயிற்றை நானே வாங்கிச் சுருட்டி வண்டியில் வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டான். எனக்குத்தான் இறங்கவில்லை.

அன்று மாலை, அவன் வீட்டுக்குப் போனபின், அந்தக் கயிற்றை முழம் முழமாக வெட்டிக் குப்பைச் சாக்கில் திணித்தேன்.

மறுநாள் காலை பையைத் திறந்து கயிற்றை உருவினான். பாதியில் கை நின்றது.

முந்தின நாள் மதியம் வரை பைன் மரத்தில் உரசியிருக்க வேண்டிய கயிறு. அதில் ஒரு பொட்டுப் பிசின் இல்லை.

மெதுவாகச் சுற்றித் திரும்பப் பைக்குள் வைத்தான். எழுந்து போய்க் குப்பைச் சாக்கை அவிழ்த்தான். ஒரு துண்டை எடுத்து விரலால் தடவினான்; பிசின் ஒட்டியது. மோந்து பார்த்தானா, இல்லை முகத்தைத்தான் துடைத்துக்கொண்டானா, அதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. துண்டைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஏறப் போகும் முன் கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க மச்சான்."

குரலில் ஒரு குறையும் இல்லை. நான்கு வருடம், ஒவ்வொரு மரத்தடியிலும், அப்படிக் கொடுத்தான்.

பிறகு அவனுக்கு முட்டி போனது. செடிக் கன்றுகள் விற்கும் கடை வைத்தான், நன்றாக ஓடுகிறது. வாத்தியார் இறந்துவிட்டார். வண்டியையும் இயந்திரத்தையும் விற்றுவிட்டு நான் ஒரு சாமான் கிடங்கில் வேலை பார்க்கிறேன். தங்கை நன்றாக இருக்கிறாள். அவளிடம் அவன் சொன்னானா என்று தெரியாது.

அவர்கள் வீட்டு கேட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு முழக் கயிறு கட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை அவிழ்த்துத்தான் நான் உள்ளே போகிறேன்.