கரையில் நிற்பவர்
அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடையின் தகரக் கூரையில் காலை வெயில் ஏறுகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து ஆற்று முகத்துவாரம்வரை அலையில் சறுக்க ஐந்து இடங்கள். என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கு இந்த மூன்றாவதுதான் லாயக்கு. பையில் பலகையில் தேய்க்கும் மெழுகுக் கட்டி, பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு, துண்டு, தண்ணீர், வெயிலுக்குப் பூசும் கிரீம் எல்லாம் இருக்கின்றன. வருவதாகச் சொன்ன மூன்று தோழிகள்தான் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டதற்கு, "நம்ம வீட்டுலயே மொத டிகிரி, தண்ணியில குதிக்கத்தானா?" என்றாள். கடைக்காரர் படிவத்தை நகர்த்துகிறார். "கரையில நிக்கப்போறது யாரும்மா? ஆள் இல்லாம பலகை தர மாட்டேன். நீ உள்ள போயிட்டா யாரு கத்துறது?" "அக்கா வந்துட்டிருக்கா" என்கிறேன். எனக்கு அக்காவே கிடையாது. 'கரையில் நிற்பவர்' என்ற கட்டத்தில் வாயில் வந்த பெயரையும் என் செல்போன் எண்ணையும் எழுதுகிறேன். பட்டதாரி மூளை அவ்வளவுதான் ஓடுகிறது. அவர் தன் செல்போனில் மணல் ஒட்டிய விரலால் அந்த எண்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறார். என் பைக்குள், துண்டுக்கு அடியில், மணி அடிக்கிறது. திட்டினால் பதிலுக்குத் திட்டிவிடுவேன். அவர் திட்டவில்லை. பலகைகளைப் பார்த்தபடி, மணி தானாக ஓயும்வரை இருவரும் நிற்கிறோம்.