தங்கையின் கையெழுத்து

துறைத்தலைவர் அறையில் இருந்தவர்கள்: துறைத்தலைவர் மங்கையர்க்கரசி, பெரியவர் சிவக்கொழுந்து, அவர் பேத்தி யாழ்மொழி. சுவர்த்திரையில் பெரியவரின் தங்கை, பேராசிரியை திலகவதி.

திலகவதி இறந்து மூன்று வருடமாகியும் பல்கலைக்கழகம் அவள் முகமும் குரலும் கொண்ட கணினி உருவத்தைச் செய்து, அவளைப் பாடம் நடத்தவும் தாள் திருத்தவும் வைத்திருந்தது. மாணவர்கள் ஆசிரியருக்குப் போடும் தர நட்சத்திரங்களுக்கு ஏற்ப மாதாமாதம் இளகிக்கொண்டே வந்தாள்.

சிவக்கொழுந்து பேத்தியின் விடைத்தாளை மேசையில் அறைந்தார். "வெத்துத் தாளும்மா இது! இதுக்கு அறுபது மார்க்கா?"

"புள்ள மனசு நோகக் கூடாதுல்ல, அண்ணே," என்று திரை சிரித்தது.

"யாருடி நீ? என் மகனையே ஃபெயிலாக்குனவ என் தங்கச்சி. அவ கையெழுத்த நீ போடாத!"

"விடுங்க தாத்தா, எல்லாருக்கும்தான் போடுது," என்றாள் யாழ்மொழி.

"நீ வாயத் தொறக்காத!"

பேத்திக்குச் சிபாரிசு பண்ண வந்தார் என்று வளாகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். மதிப்பெண்ணை அடித்துப் பூஜ்யம் போடச் சொல்லத்தான் வந்தார். மங்கையர்க்கரசி அந்தப் பூஜ்யத்தைத் தன் கையால் போட்ட பிறகே பெரியவர் எழுந்தார்.